நின்றுபோன காரை இழுத்து வருவது எப்படி?



தோட்டத்துச் சாலையோரம் மாலை நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. ஒரு மோட்டார் சைக்கிள் பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்றுவிடும். பின்னால் வருகிறவர் தம் வண்டியை அருகில் கொண்டுவந்து, ஒரு காலை நீட்டி, நின்றுபோன வண்டியின் கால்மிதியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போவார். நீ யார், எந்த டிவிஷன் என்ற கேள்வியெல்லாம் பிறகுதான். வழியில் நின்றவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவது நம் தோட்டங்களில் வழக்கமில்லை.

அதே மனத்தோடுதான் நாம் நின்றுபோன காரையும் இழுக்கப் புறப்படுகிறோம். லாரியோ டிராக்டரோ நண்பரின் காரோ வந்தால், "கயிறு இருக்கா? கட்டு, இழுத்துருவோம்" என்று சொல்லிவிடுகிறோம். உதவுகிற மனம் பெரிதுதான். ஆயினும் ஒரு டன் எடையுள்ள இரும்பைக் கயிற்றில் கட்டிச் சாலையில் ஓட்டும்போது, அந்த மனத்தோடு கொஞ்சம் முறையும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் அனுபவம் ஒன்றையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பள்ளி பேராக் மாநிலத்தில், பெரிய சாலையிலிருந்து 9 கிலோமீட்டர் உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்தது. 2011ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குப் புத்தகங்கள் வாங்கிக்கொண்டு, ஆசிரியர்கள் மூவர் ஒரு பழைய காரில் பட்டணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் எஞ்சின் சட்டென்று அணைந்தது. டைமிங் பெல்ட் அறுந்துபோயிருந்தது என்பது மறுநாள் பட்டறையில் தெரிந்த செய்தி. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கார் கிளம்பவில்லை, கைத்தொலைபேசியில் லைன் இல்லை, மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது என்பவைதாம்.

சிறிது நேரத்தில் தோட்டத்து லாரி ஒன்று வந்தது. ஓட்டுநர் எங்களுக்கு நன்கு பழக்கமானவர். அவருடைய மகன் எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன். பையன் லாரியின் பின்பலகைமேல் ஏறி, வெளியே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன சார், வண்டி படுத்துக்கிச்சா? கவலைப்படாதீங்க, கட்டி இழுத்துருவோம்" என்றார் ஓட்டுநர்.

லாரியில் ஒரு கம்பிவடம் கிடந்தது. இரண்டு நுனியிலும் இரும்புக் கொக்கிகள். ஒரு கொக்கியை அவர் லாரியில் மாட்டினார். மற்றதைக் காரில் எங்கே மாட்டுவது என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. குனிந்து காரின் முகப்புக்குக் கீழே கைவிட்டுத் துழாவினோம். பம்பருக்குப் பின்னால் ஓர் இரும்புத் துண்டு அகப்பட்டது. அசைத்துப் பார்த்தோம், கெட்டியாக இருந்தது. அதிலேயே மாட்டிவிட்டோம்.

லாரி புறப்பட்டது. வடம் தரையில் பாம்புபோல் வளைந்து கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. லாரி வேகம் பிடித்த பிறகுதான் அது விறைத்தது. ஒரே வெட்டு! இரும்புத் துண்டு காரிலிருந்து பிய்ந்தது. கொக்கி அதையும் இழுத்துக்கொண்டு முன்னே பறந்துபோய் லாரியின் பின்பலகையில் அடித்தது. பலகையில் ஒரு விரல் ஆழத்துக்குக் குழி விழுந்தது. பையனின் கால்கள் தொங்கிக்கொண்டிருந்த இடம் அது. மழை வரப்போகிறது, முன்னால் வந்து உட்கார் என்று அவன் அப்பா சொல்லி, அவன் இறங்கிப்போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஓட்டுநர் இறங்கி வந்து அந்தக் குழியைக் கையால் தடவிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை.

பிறகு அந்த வழியே மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஓய்வுபெற்ற டிராக்டர் ஓட்டுநர் ஒருவர். நடந்ததைக் கேட்டார். எங்களைத் திட்டவில்லை. லயத்துக்குத் திரும்பிப் போய்த் தம் வீட்டிலிருந்து தடித்த நைலான் கயிறு ஒன்றையும் ஒரு சாக்கையும் எடுத்து வந்தார். எங்கே கட்ட வேண்டும் என்று காட்டினார். பிறகு காரை ஓட்டவேண்டிய ஆசிரியரைப் பார்த்து, "சார், இழுக்கிறது அவரு வேலை. நிறுத்துறது உங்க வேலை. ரெண்டும் சரியா இருந்தா கயிறு அது பாட்டுக்கு வரும்" என்றார்.

நேயர்களே, அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான் இன்றைய உரை.

முதலில், அந்த இரும்புத் துண்டு ஏன் பிய்ந்தது என்று பார்ப்போம். காரின் எடை தாங்காமல் பிய்ந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மை அதுவன்று. ஒரு டன் எடையுள்ள காரைச் சமமான தார்ச்சாலையில், கியரை விடுவித்துவிட்டு, சீராக நகர்த்திக்கொண்டு போக ஏறத்தாழ 15 கிலோ எடையைத் தூக்குகிற பலம் போதும். 10 கிலோ அரிசிப் பை ஒன்றரையைத் தூக்குகிற பலம்தான் அது. 10 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயர்கிற ஏற்றமாக இருந்தால் இன்னும் 100 கிலோ கூடும். இழுப்பதற்கென்று செய்த எந்தக் கயிறும் இதை எளிதில் தாங்கும்.

ஆகவே எடை கயிற்றை அறுப்பதில்லை. வெட்டி இழுப்பதுதான் அறுக்கிறது. இதை வகுப்பில் நாம் எளிதாகச் செய்து காட்டலாம். மேசைமேல் நான்கைந்து உருட்டுப் பென்சில்களை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு செங்கல்லை வைத்து, தையல் நூலால் கட்டுங்கள். நூலை மெல்ல இழுத்தால் செங்கல் சாதுவாகக் கூடவே வரும். நூலைத் தொய்யவிட்டு வெடுக்கென்று இழுத்தால் செங்கல் இருந்த இடத்திலேயே இருக்கும், நூல் அறுந்து கையோடு வரும். நிற்கும் பொருள் நிற்கவே விரும்பும் என்று நாம் படித்த பாடம் இதுதான்.

இப்போது செங்கல்லின் இடத்தில் காரை வைத்துக் கணக்குப் போடுவோம். கயிறு தொய்ந்து கிடக்கிறது. லாரி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் பிடித்த பிறகு கயிறு விறைக்கிறது. நிற்கும் காரை அந்த வேகத்துக்குக் கொண்டுவரும் வேலை முழுவதும் அந்த ஒரு கணத்தில் கயிற்றின் தலையில் விழுகிறது. நைலான் கயிறு நீண்டு கொடுக்கும். அது 1 மீட்டர் நீண்டது என்றால், அதன்மேல் விழும் இழுப்பு சராசரியாக 400 கிலோ. கம்பிவடம் நீளாது. வடமும் கொக்கியும் சேர்ந்து 10 சென்டிமீட்டர்தான் இடம் கொடுத்தன என்றால், அதே வேலைக்கு 4,000 கிலோ, அதாவது 4 டன்! மெல்லப் புறப்பட்டிருந்தால் 15 கிலோவில் முடிந்திருக்கும் வேலை அது. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இதிலிருந்து கயிற்றைப் பற்றிய முறைகள் தாமே கிடைத்துவிடுகின்றன. கம்பிவடமும் சங்கிலியும் வேண்டாம். இழுப்பதற்கென்றே செய்த நைலான் கயிறோ பட்டையோ நல்லது. அதன் தாங்குதிறன் காரின் எடையைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். துணி காயப்போடும் கயிறும், வெயிலில் கிடந்து வெளுத்து நார் பிரிந்த கயிறும் ஆகா. நீளம் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே 4 முதல் 5 மீட்டர். அதைவிடக் குறைந்தால் பின்வண்டி மோதும். கூடினால் வளைவில் கயிறு தொய்ந்து சக்கரத்துக்குள் போகும்.

கயிற்றின் நடுவே ஒரு சாக்கையோ தடித்த துணியையோ தொங்கவிட வேண்டும். அறுந்தால் கயிறு சாட்டைபோல் பாயாமல், அந்தப் பாரம் அதைத் தரையில் தள்ளும். துணி சிவப்பாக இருந்தால் இன்னொரு பயனும் உண்டு. சாலைச் சந்திப்பில் வண்டிகள் நிற்கும்போது, இரண்டு வண்டிகளுக்கு இடையே இருக்கும் சந்தில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து போவது நம் நாட்டில் அன்றாடக் காட்சி. மங்கிய வெளிச்சத்தில் கயிறு கண்ணுக்குத் தெரியாது. வருகிறவருக்கு அது கழுத்துக்கோ நெஞ்சுக்கோ நேராக இருந்தால் என்ன ஆகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புத் துணி ஒன்று அந்த உயிரைக் காக்கும்.

அடுத்தது, எங்கே கட்டுவது? காரில் இதற்கென்று ஓர் இரும்பு வளையம் உண்டு. பழைய கார்களில் அது அடிச்சட்டத்தோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். இப்போதைய கார்கள் பலவற்றில் அது தனியாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கும். பின்பெட்டியில் ஜாக்கியும் ஸ்பானரும் இருக்கும் இடத்தில் தேடிப் பாருங்கள். முன்பம்பரில் கைப்பிடி அளவு சிறு மூடி ஒன்று இருக்கும். அதை நெம்பி எடுத்தால் மரையுள்ள துளை தெரியும். வளையத்தை அதில் வைத்து, கடைசி வரை திருகி இறுக்க வேண்டும். சில கார்களில் மரை எதிர்ப்பக்கமாகத் திரும்பும். பாதியிலே நின்ற மரை வளையத்தோடு பிய்ந்து வரும், எங்கள் இரும்புத் துண்டு வந்ததுபோல.

பம்பரிலும், அதன் பின்னாலுள்ள மெல்லிய தகட்டிலும் கட்டக்கூடாது. சக்கர அச்சிலும் கட்டக்கூடாது, ஏனெனில் பிரேக் எண்ணெய் ஓடும் குழாய் அங்கேதான் போகிறது. கயிறு அதை நசுக்கினால் இருக்கிற பிரேக்கும் போய்விடும். இழுக்கும் வண்டியிலும் அடிச்சட்டத்தோடு சேர்ந்த கொக்கியில்தான் கட்ட வேண்டும். இழுக்கும் வண்டி, இழுபடும் வண்டியைவிட எடை கூடியதாகவோ சம எடையுள்ளதாகவோ இருக்க வேண்டும். சிறு கார் பெரிய வேனை இழுத்துப் புறப்பட்டால், இறக்கத்தில் யார் யாரை இழுக்கிறார்கள் என்பது தெரியாமல் போகும்.

இனி, அந்த முதியவர் சொன்ன வாக்கியத்துக்கு வருவோம். இழுப்பது முன்வண்டியின் வேலை, நிறுத்துவது பின்வண்டியின் வேலை என்றார். இது ஏன்?

கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க நூறு பேர் முன்னால் நிற்பார்கள். பார்க்கிறவர் கண்ணெல்லாம் அவர்கள்மேல்தான். ஆனால் தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர், சக்கரத்தருகே குனிந்தபடி நடந்து முட்டுக்கட்டை போடுகிறவர். அவர் கை தவறினால் வடம் பிடித்தவர்கள்மேலேயே தேர் ஏறிவிடும். கயிற்றில் கட்டிய காரும் அப்படித்தான். கயிறு இழுக்கும், தள்ளாது. முன்வண்டி பிரேக் போட்டால் கயிறு தொய்யுமே தவிரப் பின்வண்டியைத் தடுக்காது. பின்வண்டிக்கு முட்டுக்கட்டை அதன் ஓட்டுநரின் காலில்தான் இருக்கிறது.

அதற்கு அவருக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு? மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. முன்வண்டியின் சிவப்பு விளக்கைக் கண்டு, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்க நமக்கு ஏறத்தாழ ஒரு நொடி பிடிக்கும். கயிற்றின் நீளமோ 5 மீட்டர்தான். ஆகவே முன்வண்டி திடுமென்று நின்றால், பின்வண்டிக்காரர் அதே பலத்தோடு பிரேக் பிடித்தாலும் இடித்தே தீருவார். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல். ஆதலால் 20ஐத் தாண்டாமல் போவது நல்லது. 30ஐத் தாண்டவே கூடாது.

ஆகையால் பின்வண்டிக்காரர் முன்வண்டியின் விளக்கை மட்டும் நம்பியிருக்கலாகாது. அதற்கும் முன்னால் சாலையில் என்ன வருகிறது என்று பார்த்து, முன்வண்டி நிற்பதற்குச் சற்று முன்பே தாம் மெல்லப் பிரேக்கைத் தொட வேண்டும். அவர் தொட்டால் கயிறு விறைப்பாகவே இருக்கும், முன்வண்டியும் அந்தப் பிடியிலேயே வேகம் குறையும். அவரது கண் எப்போதும் கயிற்றின்மேல் இருக்கட்டும். கயிறு தரையைத் தொடப் பார்த்தால் மெல்லப் பிரேக். முழுப் பயணத்திலும் அவருடைய வேலை இந்த ஒன்றுதான், ஆனால் ஒரு விநாடியும் ஓய்வில்லாத வேலை.

எனவே இருவரில் அனுபவம் மிக்கவர் பின்னால் அமர வேண்டும். நம்மில் பலர் இதை மாற்றிச் செய்கிறோம். "சும்மா ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்காரு" என்று சொல்லி, அப்போதுதான் ஓட்டப் பழகிய தம்பியைப் பின்வண்டியில் ஏற்றிவிடுகிறோம். சும்மா பிடிக்கிற ஸ்டீரிங் அன்று அது.

எஞ்சின் ஓடாத காரின் குணமே வேறு என்பதையும் பின்வண்டிக்காரர் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் நாம் பிரேக்கை மிதிக்கும்போது, எஞ்சின் உறிஞ்சும் காற்றின் இழுப்பும் நம் காலுக்குத் துணை செய்கிறது. எஞ்சின் நின்றபின் அந்தத் துணை இரண்டு மூன்று மிதிப்புக்குத்தான் மிச்சம் இருக்கும். அதற்குமேல் மிதி கல்லைப்போல் இறுகிவிடும். பிரேக் கெட்டுவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடக்கூடாது. பிரேக் வேலை செய்யும், பலமடங்கு ஊன்றி மிதிக்க வேண்டும். ஸ்டீரிங்கும் அவ்வாறே, எஞ்சினின் துணை இல்லாமல் கனத்துத் திரும்பும்.

இன்னொன்று சாவி. சாவியை எடுத்துவிட்டாலோ முழுவதும் மூடிய நிலைக்குத் திருப்பிவிட்டாலோ, திருடர்களுக்காக வைத்த பூட்டு விழுந்து ஸ்டீரிங் அப்படியே நின்றுவிடும். முன்வண்டி வளைவில் திரும்பும், பின்வண்டி நேராக வாய்க்காலுக்குப் போகும். ஆகவே சாவி உள்ளேயே இருக்க வேண்டும். விளக்கும் ஹாரனும் வேலை செய்யும் நிலைவரை அதைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் பேட்டரி செத்துப்போனால் இந்தப் பூட்டு விடுபடாமலே இருக்கலாம். அந்தக் கார்களைக் கயிற்றில் கட்டும் முன் ஸ்டீரிங் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கார்களையும் இப்படி இழுக்கலாமா? கூடாது. கையால் கியர் மாற்றும் கார்களை நியூட்ரலில் வைத்து, குறைந்த தூரம், குறைந்த வேகத்தில் இழுக்கலாம். தானியங்கிக் கியர் உள்ள கார்களில் கியர்ப்பெட்டிக்கு எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்பு எஞ்சினால் ஓடுவது. எஞ்சின் நிற்கும்போது சக்கரங்களை உருட்டிக்கொண்டு போனால், உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயின்றிச் சுழன்று சூடேறிக் கெட்டுப்போகும். சில தயாரிப்பாளர்கள் குறைந்த தூரத்துக்கு அனுமதிக்கிறார்கள், சிலர் அறவே கூடாது என்கிறார்கள். காரோடு தந்த கையேட்டில் அது எழுதியிருக்கும். 1985இல் வந்த புரோட்டான் சாகாவும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் முன்சக்கரத்தால் ஓடும் கார்கள். இன்று நம் சாலைகளில் ஓடும் சிறு கார்களில் மிகப் பெரும்பாலானவை அவ்வகையே. அவற்றில் தானியங்கிக் கியர் இருந்தால், முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் இழுவை லாரியை வரவழைப்பதே முறை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிகளையும் மின்சாரக் கார்களையும் தட்டையான லாரிமேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மின்சாரக் காரின் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் கூடச் சுழன்று மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிடும்.

பிரேக்கோ ஸ்டீரிங்கோ பழுதாகி நின்ற காரை எக்காரணம் கொண்டும் கயிற்றில் கட்டக்கூடாது. முட்டுக்கட்டை இல்லாத தேர் அது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குவது போன்ற வளைவும் இறக்கமுமான சாலைகளிலும் கயிறு ஆகாது. எஞ்சினின் துணையில்லாத பிரேக்கை நெடுந்தூரம் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை போன்ற விரைவுச் சாலைகளில் கயிற்றை நினைக்கவே வேண்டாம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் வரும் இடத்தில், 20இல் ஊர்ந்து போகும் இரண்டு வண்டிகள் மலைபோன்ற தடை. இடதுபக்க அவசரத் தடத்தில் நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, எல்லாரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, நெடுஞ்சாலை ரோந்துப் பிரிவை அழைக்க வேண்டும். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் இழுவைச் சேவை எண்ணை முன்கூட்டியே கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருங்கள். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம், கட்டணத்தையும் கொண்டுபோகும் இடத்தையும் பேசி முடிக்காமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி, கட்டி முடித்தாயிற்று, புறப்பட வேண்டும். முதலில் இருவரும் சாலையோரத்தில் நின்று பேசிக்கொள்ளுங்கள். எந்த வழி, எங்கே நிற்பது, என்ன சைகை? ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்தால் நிறுத்து என்று பொருள், இருமுறை அடித்தால் மெதுவாகப் போ என்று பொருள் என்பதுபோல் ஓர் உடன்பாடு வேண்டும். அபாய விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்போது திரும்பும் திசையைக் காட்டும் விளக்குத் தெரியாது. ஆகையால் சன்னலைத் திறந்து கையாலும் காட்டுங்கள். இழுபடும் காரில் ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் வேண்டாம். இழுக்கும் லாரியின் பின்தட்டில் யாரும், முக்கியமாகப் பிள்ளைகள், கூடவே கூடாது. வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்கட்டும்.

பிறகு முன்வண்டி முதல் கியரில், நத்தைபோல், கயிறு தரையைவிட்டு எழும்வரை நகர வேண்டும். கயிறு நேரானதும் அங்கேயே ஒரு கணம் நின்றுவிடுவது நல்லது. அதன்பின் பின்வண்டிக்காரர் கைபிரேக்கை விடுவித்து, ஹாரனால் சம்மதம் சொன்ன பிறகே இழுக்கத் தொடங்க வேண்டும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கயிறு தொய்யப் பார்க்கும், அதனால் கூடியவரை ஒரே கியரில் போவது நலம். வளைவில் முன்வண்டி அகலமாகத் திரும்ப வேண்டும். பின்வண்டி குறுக்கே வெட்டாமல் முன்வண்டியின் சக்கரத் தடத்திலேயே வர வேண்டும். இறக்கத்தில் பின்வண்டியின் பிரேக் இருவருக்கும் சேர்த்துப் பிடிக்கிறது என்பதை நினைவில் வைத்து, இறங்கத் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று முடிச்சையும் வளையத்தையும் பார்க்கலாம். அதனால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

இழுத்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கிற ஆசையும் சிலருக்கு வரும். கயிற்றில் இருக்கும்போது எஞ்சின் உயிர்பெற்றால், கார் ஒரே தாவில் முன்வண்டியின் முதுகில் ஏறும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

அன்று எங்களுக்கு அந்த முதியவர் இப்படித்தான் வழிகாட்டினார். மீதி நாலரைக் கிலோமீட்டரைக் கடக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மழை பிடித்துக்கொண்டது. பையன் முன்னால், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். லயத்து விளக்குகள் தெரிந்தபோது, பின்வண்டியை ஓட்டிவந்த எங்கள் நண்பரின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. புத்தகங்கள் நனையவில்லை. பரிசளிப்பு விழாவில் அந்தப் பையனும் மேடைக்கு நடந்து வந்து ஒரு புத்தகம் வாங்கினான். அவன் நடந்து வருவதை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

நேயர்களே, வழியில் நின்றவருக்கு உதவுங்கள். அந்த வழக்கம் நம்மை விட்டுப் போகவேண்டாம். கையில் கயிற்றை எடுக்கும் முன் மட்டும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காரை இழுக்கலாமா? கயிறு சரியான இடத்தில் கட்டியிருக்கிறதா? பின்னால் உட்காரப் போகிறவருக்கு நிறுத்தத் தெரியுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மெல்லப் புறப்படுங்கள். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும், காரை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு, அவரை உங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். கார் காலையிலும் அங்கேதான் இருக்கும்.